டிரைவிங் டெஸ்டில் இரண்டு முறை தவறிவிட்டேன். பணம் கொடுத்து முடித்துவிடலாமா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

வயது 36. கொருக்குப்பேட்டைப் பக்கம் வீடு. கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. இவர் மணலியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறார். பஸ்ஸை நம்பி முடியவில்லை என்று டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, கியர் பைக், கார் இரண்டுக்கும் சேர்த்து எல்.எல்.ஆர். எடுத்தார். முதல் டெஸ்டில் எட்டு போடும்போது காலை ஊன்றிவிட்டார். காரும் ஏற்றத்தில் பின்னால் உருண்டது. இரண்டாவது முறை எட்டிலும் தவறி, காரை ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தையும் தட்டிவிட்டார். "இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்ததும் கை நடுங்குகிறது, கற்றதெல்லாம் மறந்துபோகிறது" என்று எழுதுகிறார். எல்.எல்.ஆர். முடிய ஐந்து வாரம்தான் பாக்கி. "ஆறாயிரம் கொடுத்துடுங்க மேடம், நீங்க சும்மா வந்து நின்னா போதும்" என்கிறார் ஸ்கூல்காரர். "கொடுத்து முடி, ரோட்டில் ஓட்ட ஓட்ட தானா வந்துடும்" என்கிறார் கணவர். இதற்கிடையில் வீட்டு ஸ்கூட்டரில் ஆறு வயது மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு தினமும் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார். மூன்றாவது முறையும் தவறினால் ஆயுசுக்கும் லைசென்ஸ் கிடையாதா என்பது அவருடைய பெரிய பயம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நான் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். அதனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது. டெஸ்ட், பணம் எல்லாவற்றையும் அப்புறம் பார்ப்போம். மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போவதை நாளைக் காலையிலிருந்தே நிறுத்திவிடுங்கள்.

எல்.எல்.ஆர். என்பது ஓட்டப் பழகுவதற்கான அனுமதி. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3-வது விதி அதற்கு நிபந்தனைகள் வைக்கிறது. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' பலகை இருக்க வேண்டும். காரில் பழகினால், லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் பழகும்போது, உங்களுக்குக் கற்றுத்தரும் லைசென்ஸ் உள்ள ஆளைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. ஆறு வயதுக் குழந்தை அந்தக் கணக்கில் வராது. நீங்கள் போகும் பாதையும் லேசானதல்ல. கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் சாலைகளில், ட்ரெய்லருக்கும் நடைபாதைக்கும் நடுவே இருக்கும் சந்தில் ஸ்கூட்டரை நுழைப்பதை நம் ஊரில் எல்லோரும் திறமை என்று நினைக்கிறோம். அந்த இடது பக்கம் ட்ரெய்லர் டிரைவரின் கண்ணுக்கே தெரியாத இடம். கால் ஊன்றாமல் இன்னும் எட்டு போட வராத ஒருவர், முன்னால் குழந்தை நிற்க, அங்கே திடீரென்று பிரேக் போட வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. லைசென்ஸ் கைக்கு வரும் வரைக்கும் பள்ளி ஆட்டோ ஏற்பாடு செய்யுங்கள். ஷேர் செய்ய அக்கம்பக்கத்தில் யாராவது கட்டாயம் கிடைப்பார்கள்.

மூன்றாவது முறையும் தவறினால்?

ஆயுள் தடை என்று எதுவும் இல்லை. இதை யார் உங்களிடம் சொன்னார்களோ, பணத்தைப் பற்றிப் பேசியதும் அவர்களாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 9 சொல்வது இதுதான்: தவறியவர் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை வந்தும் தேறவில்லையென்றால், கடைசி டெஸ்டிலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அப்படிப்பட்டவர் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் மீள்பயிற்சியும் முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

உங்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும். உங்களுக்கு இருப்பது ஐந்து வாரம். மூன்றாவது முறை தவறினால் அந்த 60 நாள் முடிவதற்குள் எல்.எல்.ஆர். காலாவதியாகிவிடும். மறுபடி புதிதாக எடுத்து, குறைந்தது 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். சிரமம்தான், ஆனால் கதவு மூடிவிடுவதில்லை. அதனால் பதற்றத்தில் அடுத்த வாரமே ஸ்லாட் போட வேண்டாம். கடைசி வாரம் வரைக்கும் தள்ளவும் வேண்டாம். மூன்று வாரம் தள்ளிப் போட்டால் பழகவும் நேரம் இருக்கும், அன்றைக்கு ஏதாவது தடங்கல் வந்தாலும் கையில் நாள் இருக்கும்.

அந்த ஆறாயிரம்

கொடுக்காதீர்கள். காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன், கணவரிடமும் காட்டுங்கள்.

மத்திய விதிகளின்படி டிரைவிங் டெஸ்டுக்கான கட்டணம் ஒவ்வொரு வகை வண்டிக்கும் 300 ரூபாய், லைசென்ஸ் வழங்க 200 ரூபாய். மாநிலத்தின் சேவைக் கட்டணம் தனி. பயிற்சிக்காக ஸ்கூல் வாங்கும் பணம் அதன் நியாயமான கூலி. அதற்கு ரசீது கேளுங்கள். ஆனால் "வந்து நின்னா போதும்" என்பதற்காகக் கேட்கும் பணத்துக்கு ரசீது வராது, ஏனென்றால் அது லஞ்சம். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி; ஏழு ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் காவல் துறையிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ புகார் கொடுத்தவருக்குத்தான் விலக்கு. நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை. அதுவே உங்கள் பலம்.

ஸ்கூல் மூலமாகப் போனால்தான் பாஸ் ஆக முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எந்த விதியும் இல்லை. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, ஸ்லாட் எடுத்து, தகுந்த வண்டியோடு போய் நிற்கலாம். ஆர்சி, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

இனி, என் தொழில் சார்ந்த காரணம். விபத்து வழக்கில் இன்சூரன்ஸ் தரப்பு முதலில் எடுத்துப் பார்ப்பது டிரைவரின் லைசென்ஸைத்தான். எண் உண்மையானதா, எந்த வகை வண்டிக்கு, எந்தத் தேதி வரை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் ஸ்வரண் சிங் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்றும் எங்கள் அன்றாட வேலையில் வருகிறது. எல்.எல்.ஆரும் சட்டத்தின் கண்ணில் ஒரு லைசென்ஸ்தான் என்று அது சொன்னது. உங்களுக்கு ஓரளவு ஆறுதல். ஆனால் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டி உரிமையாளர் தெரிந்தே வண்டியைக் கொடுத்தார் என்று நிரூபணமானால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். ஸ்கூட்டர் யார் பெயரில் இருக்கிறது என்று கடிதத்தில் இல்லை. கணவர் பெயரில் இருந்து, எல்.எல்.ஆர். முடிந்த மறுநாள் நீங்கள் ஓட்டி ஏதாவது ஆனால், லட்சக்கணக்கில் வரும் அந்த வசூல் நோட்டீஸ் அவருக்குத்தான் வரும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம், ஓட்டக் கொடுத்தவருக்கும் 5,000 என்பதெல்லாம் அதற்குப் பக்கத்தில் சின்னத் தொகை.

"ஓட்ட ஓட்ட தானா வந்துடும்" என்ற கணவரின் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பழக்கம் வரும். ஆனால் தப்பான பழக்கமும் அதே வேகத்தில்தான் வரும். திருத்த ஆள் இருக்க மாட்டார்கள்.

டெஸ்டில் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்

வண்டியை எவ்வளவு லாவகமாக ஓட்டுகிறோம் என்று பார்க்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15-வது விதியில் உள்ள பட்டியலை ஒரு தடவை படித்துப் பாருங்கள். கண்ணாடியைச் சரிசெய்தல், சீட் பெல்ட் போடுதல், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் எடுக்கும் கவனம் என்றுதான் அது ஆரம்பிக்கிறது. சிக்னல் கொடுப்பதற்கு முன் கண்ணாடியைப் பார்க்கிறீர்களா, இடது ஓரமாகப் போகிறீர்களா, வளைவில் சரியாகத் திரும்புகிறீர்களா, ஏற்றத்தில் பின்னால் உருளாமல் எடுக்கிறீர்களா, பின்பக்கமாகக் குறுகிய இடத்தில் நுழைகிறீர்களா என்று நீள்கிறது. சுற்றி இருப்பதைப் பார்ப்பதும், நாம் செய்யப்போவதை மற்றவர்களுக்குக் காட்டுவதும்தான் அந்தப் பட்டியலில் பாதி. வேகமும் துணிச்சலும் அதில் எங்கேயும் இல்லை. இரண்டு முறையும் நீங்கள் "சீக்கிரம் முடித்துக் காட்ட வேண்டும்" என்ற அவசரத்தில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் கவிழ்த்தது பெரும்பாலும் அந்த அவசரம்தான்.

கார் விஷயத்தில் உங்களுக்கு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஸ்கூல் காரில் சொல்லித்தருபவரின் காலடியிலும் ஒரு கிளட்ச்சும் பிரேக்கும் இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் கிளட்ச்சை லேட்டாக அழுத்தும்போது அவர் கால் முந்திக்கொள்ளும். வண்டி ஆஃப் ஆகாது. உங்களுக்கு ஓட்ட வந்துவிட்டது போலத் தோன்றும். டெஸ்டில் அந்தக் கால் உதவிக்கு வராது. வண்டி குலுங்கும், உருளும், உங்களுக்குக் கை நடுங்கும். கை நடுக்கத்துக்கு மன பலவீனம் காரணம் என்று நீங்களே முடிவு கட்டியிருக்கிறீர்கள். பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். அடுத்த வகுப்பில் அவரிடம் சொல்லுங்கள்: "சார், ஆபத்துன்னாதான் கால் வைங்க. ஆஃப் ஆனா ஆகட்டும்." முதல் நாள் கார் பல தடவை ஆஃப் ஆகும். ஆகட்டும். அன்றைக்குத்தான் நீங்கள் நிஜமாகவே ஓட்ட ஆரம்பிக்கிறீர்கள்.

ஏற்றத்தில் உருளாமல் எடுக்க: ஹேண்ட் பிரேக்கை நன்றாக மேலே இழுத்து, காலைப் பிரேக்கிலிருந்து எடுங்கள். முதல் கியர். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். ஒரு புள்ளியில் இன்ஜின் சத்தம் கனமாகி, முன்பக்கம் கொஞ்சம் தூக்கியது போல இருக்கும். அங்கே கிளட்ச்சை அப்படியே பிடித்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி தானாக முன்னால் நகரும். பலரும் செய்யும் தவறு, அந்தப் புள்ளி வருவதற்கு முன்பே பயத்தில் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுவதுதான். ஞாயிறு விடியற்காலையில், லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க, போக்குவரத்தே இல்லாத ஒரு சின்ன ஏற்றமாகப் பார்த்துப் பழகுங்கள். எடுத்த எடுப்பில் மூலக்கடை மேம்பாலத்துக்கோ பேசின் பாலத்துக்கோ போக வேண்டாம். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தால் கற்றதெல்லாம் போய்விடும்.

ரிவர்ஸில் கம்பத்தைத் தட்டியது, கண்ணாடியை மட்டும் நம்பியதால்தான் என்று உங்கள் விவரிப்பிலிருந்து தெரிகிறது. நகர்த்தும் முன் தலையைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பாருங்கள், இரண்டு பக்கக் கண்ணாடியையும் பாருங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சிலேயே ஊர்ந்து வாருங்கள். சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டுப் பாருங்கள். நிறுத்துவது தப்பே இல்லை. பார்க்காமல் வருவதுதான் தப்பு.

எட்டு

இதில் காலை ஊன்றினால் முடிந்தது. ஏறக்குறைய எல்லோரும் செய்யும் பிழை, கண்ணை முன்சக்கரத்தில் வைத்துக்கொள்வது. பார்வை எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். வளைவுக்குள் நுழையும்போதே அடுத்து எங்கே வரப்போகிறீர்களோ அந்த இடத்தைப் பாருங்கள். தலையைத் திருப்பினால் தோளும் கையும் கூடவே திரும்பும். முன் பிரேக்கைத் தொடாதீர்கள். மெதுவான வேகத்தில், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் வண்டி சாயும், கால் தானாகத் தரைக்குப் போகும். பின் பிரேக்கை மட்டும் இழைத்தாற்போல் பிடித்து, ஆக்சிலரேட்டரை ஒரே சீராக வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப மெதுவாகப் போனால்தான் பாதுகாப்பு என்று நினைத்து வண்டியை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம் காலை ஊன்றுகிறார்கள்.

வீட்டில் இருப்பது ஸ்கூட்டர். கியர் பைக் ஓட்டும் எண்ணம் உங்களுக்கு உண்டா? கடிதத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஸ்கூலில் "ரெண்டும் சேர்த்தே போட்டுடலாம்" என்று சொல்லிப் போட்டிருப்பார்கள். சட்டத்தில் கியர் இல்லாத இருசக்கர வாகனம் தனி வகை. அதற்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தால் கியர் பைக் ஓட்ட முடியாது. பிற்பாடு வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. எந்த வகைக்கு டெஸ்ட் கொடுக்கிறோமோ அதற்கு எல்.எல்.ஆர். இருக்க வேண்டும் என்பதால் நீங்கள் கியர் இல்லாத வகைக்கு மறுபடி எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் காத்திருக்க நேரும். ஆனால் கை பழகாத ஸ்கூல் பைக்கில் கிளட்ச்சோடு போராடுவதைவிட, தினமும் கை வைக்கும் வண்டியில் எட்டு போடுவது உங்களுக்குப் பல மடங்கு சுலபம். என் யோசனை: இந்த ஐந்து வாரத்தைக் காருக்குக் கொடுங்கள். ஸ்கூட்டரைப் பிறகு நிதானமாகத் தனியாக எடுங்கள். கியர் பைக் கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் இரண்டையும் சேர்த்துப் பழகுங்கள்.

அன்றைய தினம்

முதல் நாள் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த கணவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அவர் தூக்கக் கலக்கத்தில் அவசரப்படுத்துவார். துப்பட்டாவை இடுப்போடு கட்டிவிடுங்கள். காலில் பெடலில் வழுக்காத, பின்பட்டை உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். இருசக்கர டெஸ்டுக்கு ஹெல்மெட்டின் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள், சும்மா தலையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

காரில் ஏறியதும் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். சீட்டை நகர்த்தி கிளட்ச் முழுக்க அழுந்துகிறதா என்று பாருங்கள். மூன்று கண்ணாடி. பெல்ட். ஹேண்ட் பிரேக். கியர் நியூட்ரலில் இருக்கிறதா. ஒவ்வொன்றையும் தாழ்ந்த குரலில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நடுக்கத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து இதுதான்: வாய் பேசும்போது மூச்சு தானாகச் சீராகும், அடுத்து என்ன என்பதும் மறக்காது. இன்ஸ்பெக்டர் சொன்னது சரியாகக் கேட்கவில்லையா, "சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். அதற்காக யாரும் ஃபெயில் போட மாட்டார்கள். வண்டி ஆஃப் ஆகிவிட்டால் பிரேக், நியூட்ரல், ஸ்டார்ட், கண்ணாடி, மறுபடி புறப்பாடு. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பதறினால்தான் அடுத்த தவறு வரும். ஸ்டீயரிங்கில் இரண்டு கை. கியர் மாற்றும்போது கண் கியரைப் பார்க்கக் கூடாது. திரும்பிய பிறகு இண்டிகேட்டரை அணைக்க மறக்காதீர்கள்.

ஒருவேளை மறுபடி தவறினால், எதில் தவறினீர்கள் என்று அங்கேயே மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. யாராவது மிரட்டினாலோ, இழிவாகப் பேசினாலோ, பணம் கேட்டாலோ தேதி, நேரம், பேசிய வார்த்தைகள் மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். பிற்பாடு புகார் கொடுக்க அது போதும்.

தேறிவிட்டீர்கள் என்றால், லைசென்ஸ் கைக்கு வந்ததும் பெயரின் எழுத்துக்கள், பிறந்த தேதி, முகவரி, வண்டி வகை நான்கையும் பாருங்கள். அதே விவரம் பரிவாகன் தளத்திலும் வருகிறதா என்று எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள். தளத்தில் இல்லாத லைசென்ஸ் கார்டை யார் கொடுத்தாலும் அதை வைத்துக்கொண்டு வண்டியை எடுக்காதீர்கள். பிழை இருந்தால் உடனே திருத்தக் கொடுத்துவிடுங்கள். கணவரின் வண்டி இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.